தோற்கும் என்எஃப்எல் அணி டிராஃப்ட் தேர்வுகளை எப்படி விற்று வாங்க வேண்டும்: முழுமையான வழிகாட்டி

1989 அக்டோபர் 12. அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்-இல் ஆடும் டல்லஸ் கௌபாய்ஸ் அந்த சீசனில் ஆடிய 5 ஆட்டங்களிலும் தோற்றிருந்தது. மற்ற அணிகள் ஆசைப்பட்டுக் கேட்கக்கூடிய ஆட்டக்காரர்களில் முதலாமவர் ஹெர்ஷல் வாக்கர். புதிதாக வந்திருந்த பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன் அவரையே தூக்கி மின்னசோட்டா வைகிங்ஸிடம் கொடுத்தார். பதிலுக்கு ஐந்து ஆட்டக்காரர்கள் வந்தார்கள். அந்த ஆட்டக்காரர்களோடு ஒரு நிபந்தனையும் வந்தது: குறிப்பிட்ட தேதிக்குள் டல்லஸ் அவர்களை அணியிலிருந்து நீக்கினால், அவர்களுக்கு ஈடாக மின்னசோட்டாவின் டிராஃப்ட் தேர்வுகள், அதாவது புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமைகள், டல்லஸுக்குச் சேரும். ஆட்டக்காரர்களைக் கொடுத்துக் கணக்கை முடித்துவிட்டதாக வைகிங்ஸ் நினைத்தது. ஜான்சன் குறிவைத்தது அந்தத் தேர்வுகளைத்தான். கடைசியில் மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளும் மூன்று இரண்டாம் சுற்றுத் தேர்வுகளும் டல்லஸ் கைக்கு வந்தன. அந்த சீசன் 1-15 (ஒரு வெற்றி, 15 தோல்வி) என்று முடிந்தது. ஆனால் 1992, 1993, 1995 சீசன்களில் டல்லஸ்தான் சாம்பியன்.

அதிலிருந்து தோற்கும் அணி ஒவ்வொன்றும் இதே வித்தையைக் காட்டப் பார்க்கிறது. பெரும்பாலும் பலிப்பதில்லை. எங்கே பலிக்கிறது, எங்கே சறுக்குகிறது என்று படிப்படியாகப் பார்ப்போம். நீங்கள் ஒரு அணியின் ஜெனரல் மேனேஜர் (ஆட்டக்காரர்களைச் சேர்ப்பதும் விற்பதும் இவர் வேலை), போன சீசனில் நாலு ஆட்டம்தான் ஜெயித்தீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் விதிகள், சுருக்கமாக

நாம் பேசுவது அமெரிக்கக் கால்பந்து. கல்லூரியில் ஆடி முடித்த ஆட்டக்காரர்களை 32 அணிகளும் 7 சுற்றுகளில் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சிதான் டிராஃப்ட். ஐபிஎல் போல ஏலம் கிடையாது. பணம் அதிகம் வைத்திருப்பவர் தூக்கிக்கொண்டு போக முடியாது. போன சீசனில் மிக மோசமாக ஆடிய அணிக்கு முதல் இடம், சாம்பியனுக்கு 32-ஆவது இடம். பிளேஆஃபுக்கு வராத 18 அணிகள் முதல் 18 இடங்களைப் பிடிக்கும். இரண்டு அணிகளின் வெற்றிக் கணக்கு சமமாக இருந்தால், எளிதான எதிரணிகளோடு ஆடிய அணி முன்னால் நிற்கும்.

இந்த இடங்களை விற்கலாம், வாங்கலாம். இந்த ஆண்டுத் தேர்வை மட்டுமல்ல, வரப்போகும் ஆண்டுகளின் தேர்வுகளையும் கைமாற்றலாம். விளையாட்டே அங்கேதான்.

படி 1: ஏன் தோற்றீர்கள் என்று பாருங்கள்

நாலு வெற்றி என்பது எல்லா அணிக்கும் ஒரே நோய் அல்ல. நல்ல அணி, குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) காயம்பட்டதால் கவிழ்ந்திருக்கலாம். அப்படியானால் எதையும் விற்காதீர்கள், அடுத்த ஆண்டு தானாகச் சரியாகும். ஆனால் தாக்குதல் வரிசை பலவீனம், தற்காப்பில் வயதானவர்கள், சம்பள வரம்பில் (ஓர் அணி மொத்தச் சம்பளமாகச் செலவிடக்கூடிய உச்ச அளவில்) இடமே இல்லை என்றால் நிலைமை வேறு. குறைந்தது மூன்று ஆண்டு வேலை இருக்கிறது.

இந்தக் கணிப்பில் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 2022 சிகாகோ பேர்ஸைப் பாருங்கள். அந்த சீசனில் 3 ஆட்டம்தான் ஜெயித்தார்கள். நவம்பர் தொடக்கத்தில், 8 ஆட்டத்தில் 5-ஐத் தோற்றிருந்த நேரத்தில், சேஸ் கிளேபூல் என்ற ரிசீவருக்காக (எறியும் பந்தைப் பிடிப்பவர்)த் தங்கள் இரண்டாம் சுற்றுத் தேர்வை பிட்ஸ்பர்குக்குக் கொடுத்தார்கள். மயாமி ஒரு தண்டனையில் முதல் சுற்றுத் தேர்வை இழந்திருந்ததால் முதல் சுற்று 31 இடங்களோடு முடிந்தது; சிகாகோ கொடுத்த தேர்வு ஒட்டுமொத்தத்தில் 32-ஆவது இடமாக வந்தது. பிட்ஸ்பர்க் அதில் ஜோயி போர்ட்டர் ஜூனியரை எடுத்தது. கிளேபூல் ஓராண்டுகூட சிகாகோவில் தாக்குப்பிடிக்கவில்லை. தோற்கும் அணி தன் சொந்த இரண்டாம் சுற்றுத் தேர்வை விற்பது, பெயரளவில் இரண்டாம் சுற்று என்றாலும், கிட்டத்தட்ட முதல் சுற்றை விற்பதுதான்.

படி 2: விற்க வேண்டியவரை விற்கும் நேரம்

கேள்வி எளிது. உங்கள் அணி மறுபடி ஜெயிக்கத் தொடங்கும்போது இந்த ஆட்டக்காரர் உச்சத்தில் இருப்பாரா? இல்லையென்றால் விற்றுவிடுங்கள், ரசிகர்கள் திட்டினாலும் சரி.

2019 ஆகஸ்ட் கடைசி நாள் மயாமி டால்ஃபின்ஸ் செய்தது கொஞ்சம் துணிச்சல்தான். லாரமி டன்சில் 25 வயதே ஆன இடது டாக்கிள், அதாவது குவார்ட்டர்பேக்கைக் காக்கும் ஆள். யாரும் விற்க நினைக்காத வகை ஆட்டக்காரர். அவரையும் கென்னி ஸ்டில்ஸையும் ஹூஸ்டன் டெக்சன்ஸுக்குக் கொடுத்து, 2020, 2021 ஆண்டுகளின் முதல் சுற்றுத் தேர்வுகளையும் 2021-இன் இரண்டாம் சுற்றுத் தேர்வையும் வாங்கினார்கள். எதிர்த்தரப்பின் அவசரம்தான் விலையை ஏற்றியது. சீசன் தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது குவார்ட்டர்பேக்கைக் காப்பாற்ற ஆள் இல்லாமல் தவிக்கும் அணி கணக்குப் பார்த்துக்கொண்டிருக்காது.

எனவே விற்பதற்கு நல்ல காலம் இரண்டு. சீசன் தொடங்கும் முன் கடைசி நாட்கள் ஒன்று. நவம்பர் தொடக்கத்தில் வரும் டிரேட் கெடுவுக்கு (அணிகள் ஆட்டக்காரர்களைக் கைமாற்றக் கடைசி நாள்) முந்தைய வாரம் இன்னொன்று. டிராஃப்டுக்கு முன்பான மார்ச் மாதத்தில் எல்லாரும் நிதானமாக இருப்பார்கள்; அப்போது பழைய ஆட்டக்காரரை விற்றால் விலை சுமாராகத்தான் வரும். குவார்ட்டர்பேக் மட்டும் விதிவிலக்கு, அவருக்கு எந்த மாதமும் கிராக்கி.

படி 3: அட்டவணையைக் கற்றுக்கொள்ளுங்கள், நம்பிவிடாதீர்கள்

1990-களின் தொடக்கத்தில் கௌபாய்ஸின் பங்குதாரராக இருந்த மைக் மெக்காய் ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு மதிப்பெண் போட்டு அட்டவணை தயாரித்தார். இன்றும் அது ஜிம்மி ஜான்சன் அட்டவணை என்றுதான் அழைக்கப்படுகிறது. முதல் இடத்துக்கு 3000, இரண்டாவதுக்கு 2600, மூன்றாவதுக்கு 2200. பத்தாவது இடம் 1300, பதினாறாவது 1000, முப்பத்திரண்டாவது 590.

எப்படிப் பயன்படுகிறது என்று ஒரு உண்மையான டிரேடில் பார்ப்போம். 2023-இல் டெட்ராய்ட் லயன்ஸ் 6-ஆவது, 81-ஆவது இடங்களை அரிசோனாவுக்குக் கொடுத்து 12, 34, 168 ஆகிய இடங்களை வாங்கியது. கொடுத்தது 1600-ம் 185-ம் சேர்த்து 1785. வாங்கியது 1200, 560, கடைசித் தேர்வுக்கு இருபது சொச்சம். ஆக அதுவும் ஏறக்குறைய 1785. முப்பது வருடப் பழைய அட்டவணை, இருந்தும் இரண்டு அணிகளும் அதன் மேல்தான் பேரம் பேசியிருப்பது தெரிகிறது.

இப்போது ஒரு கேள்வி. அந்த அட்டவணை சரியா? சரியில்லை என்பதுதான் என் கருத்து. அது ஆட்டக்காரர்கள் பிற்பாடு எப்படி ஆடினார்கள் என்பதை அளந்து போட்டதல்ல. அணிகள் அதுவரை என்ன விலை கொடுத்து மாற்றிக்கொண்டன என்பதை வைத்துப் போட்டது. அதாவது சந்தை விலைப் பட்டியல். சந்தை முட்டாள்தனமாக இருந்தால் பட்டியலும் அப்படித்தான் இருக்கும்.

அதைக் காட்டியவர்கள் கேட் மாஸி, ரிச்சர்ட் தேலர் என்ற இருவர். தேலர் பின்னர் 2017-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். 2013-இல் வெளியான அவர்கள் ஆய்வின் சாரம் இதுதான்: மேல் இடங்களுக்கு அணிகள் அநியாய விலை கொடுக்கின்றன, சம்பளத்தைக் கழித்துப் பார்த்தால் இரண்டாம் சுற்றின் தொடக்கத்தில் எடுக்கும் ஆட்டக்காரர்தான் அணிக்கு அதிக லாபம் தருகிறார். இன்னொரு எண் இதைவிட முக்கியம். ஒரே நிலையில் ஆடும் இருவரில், முன்னால் எடுக்கப்பட்டவர் அடுத்து எடுக்கப்பட்டவரைவிட நன்றாக ஆடுவதற்கான வாய்ப்பு வெறும் 52 சதவீதம். கிட்டத்தட்டப் பூவா தலையா.

ஒரு எச்சரிக்கை. அந்த ஆய்வின் தரவு பழைய சம்பள முறைக் காலத்தது. 2010-இல் முதல் ஆளாக எடுக்கப்பட்ட சாம் பிராட்ஃபோர்டின் ஒப்பந்தம் 6 ஆண்டுக்கு 7.8 கோடி டாலர். அதில் 5 கோடி உறுதிப் பணம். 2011-இல் புதிய சம்பள முறை வந்தது. அந்த ஆண்டின் முதல் தேர்வான கேம் நியூட்டனுக்கு 4 ஆண்டுக்கு 2.2 கோடி. எனவே மேல் இடங்கள் முன்பு போல விஷம் அல்ல. ஆனால் யாரையும் உறுதியாகக் கணிக்க முடியாது என்ற அந்த 52 சதவீத உண்மை சம்பள முறையால் மாறவில்லை. கணிக்க முடியாத இடத்தில் ஒரு சீட்டைவிட மூன்று சீட்டு நல்லது.

படி 4: எத்தனை இடம் இறங்கலாம்

கீழே இறங்கி விற்பது நல்லது என்றதும் கண்ணை மூடிக்கொண்டு இறங்கிவிடக் கூடாது. உங்களுக்கு வேண்டிய தரத்தில் எத்தனை ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள் என்று முதலில் எண்ணுங்கள். அந்த எண்ணிக்கைக்குக் கீழே போகாதீர்கள்.

இதற்கு இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் 2018-இல் செய்தது பாடப்புத்தகம். முந்தைய சீசன் 4-12. கையில் 3-ஆவது இடம். குவார்ட்டர்பேக் வேண்டாம், ஆண்ட்ரூ லக் இருந்தார். ஆனால் அந்த ஆண்டு குவார்ட்டர்பேக்குகளுக்கு அடிதடி. நியூயார்க் ஜெட்ஸ் அந்த மூன்றாவது இடத்துக்காக 6-ஆவது இடத்தோடு 37, 49 என்ற இரண்டு இரண்டாம் சுற்றுத் தேர்வுகளையும், 2019-இன் இரண்டாம் சுற்றுத் தேர்வையும் கொடுத்தது. அட்டவணைப்படி மூன்றாவது இடம் 2200. ஜெட்ஸ் கொடுத்ததில் 2018 தேர்வுகள் மட்டுமே 1600, 530, 410 என்று 2540 ஆகிறது.

கோல்ட்ஸ் மூன்று இடம்தான் இறங்கியது. மற்றவர்கள் குவார்ட்டர்பேக்குகளை எடுக்க எடுக்க, வேறு நிலை ஆட்டக்காரர்களில் மிகச் சிறந்தவர்களில் ஒருவர் ஆறாவது இடம்வரை வந்தே தீர வேண்டும். வந்தார்: குவென்டன் நெல்சன். 37-இல் பிராடன் ஸ்மித். அடுத்த சீசன் 10-6. ஜெட்ஸ் எடுத்த சாம் டார்னல்ட் மூன்று சீசனில் வெளியே போனார்.

அதிகம் இறங்கிவிட்டால் மறுபடி ஏறவும் செய்யலாம். 2021-இல் மயாமி 3-ஆவது இடத்திலிருந்து 12-க்கு இறங்கி, அதே நாளில் 6-ஆவது இடத்துக்கு ஏறி ஜேலன் வாடிலை எடுத்தது. ஆனால் ஏறுவதற்கும் விலை உண்டு. இறங்கியதில் வந்த லாபத்தில் பாதி அங்கே போய்விடும்.

படி 5: எந்த ஆண்டு, யாருடைய தேர்வு

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

அணிகளுக்குள் ஒரு பழக்கம் உண்டு: அடுத்த ஆண்டின் தேர்வு, இந்த ஆண்டின் ஒரு சுற்று கீழே உள்ள தேர்வுக்குச் சமம். அடுத்த ஆண்டின் முதல் சுற்று இன்றைக்கு இரண்டாம் சுற்று விலைக்குப் போகும். அதற்கும் அடுத்த ஆண்டு என்றால் இன்னும் மலிவு. காரணம் எளிது. இன்றைக்கு வேலை போய்விடுமோ என்று பயப்படும் ஜெனரல் மேனேஜருக்கு இரண்டு வருடம் கழித்து வரும் தேர்வு வேறு யாரோ அனுபவிக்கப்போகும் சொத்து. அவர் தாராளமாகக் கொடுப்பார்.

இப்போது என்ன நடந்திருக்கிறது என்று பாருங்கள். 2012-இல் வாஷிங்டன் குவார்ட்டர்பேக் ராபர்ட் கிரிஃபினுக்காக 2013, 2014 முதல் சுற்றுத் தேர்வுகளை ராம்ஸிடம் கொடுத்தது. 2013 தேர்வு 22-ஆவது இடத்தில் வந்தது. 2014 தேர்வு? இரண்டாவது இடம். டன்சிலுக்காக ஹூஸ்டன் கொடுத்தவை: 2020-இல் 26-ஆவது இடம், 2021-இல் மூன்றாவது இடம். குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்டாஃபோர்டுக்காக ராம்ஸ் டெட்ராய்டுக்குக் கொடுத்தவை: 2022-இல் 32-ஆவது, 2023-இல் ஆறாவது.

மூன்று டிரேடிலும் முதல் ஆண்டுத் தேர்வு சாதாரணம், இரண்டாம் ஆண்டுத் தேர்வு தங்கம். அதிர்ஷ்டம் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. அவ்வளவு விலை கொடுக்கும் அணி, அடுத்த சீசனில் ஜெயிக்கும் நம்பிக்கையில்தான் கொடுக்கிறது. பெரும்பாலும் ஜெயிக்கவும் செய்யும். அதற்கு அடுத்த சீசனில்தான் காயங்கள், ஏறிய சம்பளங்கள், காலியான டிராஃப்ட் எல்லாம் ஒன்றாக வந்து அடிக்கும். சந்தை எந்தத் தேர்வை மிக மலிவாக விற்கிறதோ அதுதான் மிக உயரத்தில் வருகிறது. எனவே பேரத்தில் இந்த ஆண்டின் மூன்றாம் சுற்று ஒன்று கூடுதலாகக் கேட்பதை விடுங்கள். தூரத்து முதல் சுற்றைக் கேளுங்கள்.

வாங்குகிற அணியே ஏற்கெனவே மோசம் என்றால் இரண்டு வருடம் காத்திருக்கக்கூட வேண்டாம். 2023-இல் பேர்ஸ் முதல் இடத்தை கரோலினா பேந்தர்ஸுக்கு விற்றது. பதிலுக்கு 9, 61 ஆகிய இடங்கள், 2024-இன் முதல் சுற்று, 2025-இன் இரண்டாம் சுற்று, அதோடு ரிசீவர் டிஜே மூர். கரோலினா குவார்ட்டர்பேக் பிரைஸ் யங்கை எடுத்தது. அவர் பந்தை எறிய வேண்டிய நல்ல ரிசீவரை அதே டிரேடில் கொடுத்துவிட்டது! 2-15 என்று முடித்தது. 2024-இல் அந்தத் தேர்வு முதல் இடமாகவே பேர்ஸ் கைக்கு வர, அதில் கேலப் வில்லியம்ஸ் வந்தார்.

எதிர் உதாரணமும் சொல்ல வேண்டும். 2021-இல் சான் பிரான்சிஸ்கோ குவார்ட்டர்பேக் டிரே லான்ஸுக்காக மயாமிக்குக் கொடுத்த 2022, 2023 முதல் சுற்றுத் தேர்வுகள் இரண்டுமே 29-ஆவது இடத்தில்தான் வந்தன. லான்ஸ் தேறவில்லை, ஆனால் அந்த அணியின் மற்ற பகுதி வலுவாக இருந்தது. 2022 டிராஃப்டின் கடைசி ஆளான குவார்ட்டர்பேக் பிராக் பர்டி வேறு வந்து காப்பாற்றினார். ஆக, யாரிடம் வாங்குகிறோம் என்று பாருங்கள். ஒரே ஒரு ஆட்டக்காரரை நம்பி நிற்கும் அணியா, அல்லது அவர் இல்லாவிட்டாலும் நிற்கும் அணியா?

படி 6: குவார்ட்டர்பேக் இல்லையென்றால் கணக்கு மாறும்

மேலே சொன்ன எல்லாமே குவார்ட்டர்பேக் பிரச்சினை தீர்ந்த அணிக்கு. இல்லாத அணி எவ்வளவு தேர்வு சேர்த்தாலும் ஓரளவுக்கு மேல் ஏறாது.

வாஷிங்டன் டிரேடின் மறுபக்கத்தைப் பாருங்கள். ராம்ஸுக்கு அவ்வளவு தேர்வுகள் கிடைத்தன. 2014 டிசம்பரில் வாஷிங்டனோடு ஆடும்போது, அந்தத் தேர்வுகள் வழியாக வந்த ஆறு ஆட்டக்காரர்களைக் கேப்டன்களாக டாஸ் போட அனுப்பினார் பயிற்சியாளர் ஜெஃப் ஃபிஷர். குறும்புதான். ஆட்டத்திலும் 24-0 என்று ஜெயித்தார்கள். ஆனால் அந்த சீசன் 6-10. டிரேடில் ஜெயித்த ராம்ஸ், அந்த ஆறு பேரையும் வைத்துக்கொண்டு ஒரு சீசன்கூடத் தோல்வியைவிட வெற்றி அதிகம் என்று முடிக்கவில்லை.

எனவே முதல் இடம் கையில் இருந்து, அதில் நீங்கள் உண்மையாக நம்பும் குவார்ட்டர்பேக் இருந்தால் எடுத்துவிடுங்கள், போனை அணைத்துவிடுங்கள். நம்பிக்கை அரைகுறை என்றால் விற்றுவிட்டு அடுத்த ஆண்டுக்கான ஆயுதத்தைச் சேருங்கள்.

படி 7: காசைக் கொடுத்தும் தேர்வு வாங்கலாம்

தோற்கும் அணிகளிடம் சில சமயம் சம்பள வரம்பில் நிறைய இடம் மிச்சமிருக்கும். 2017 மார்ச்சில் கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் அதை விற்றது. குவார்ட்டர்பேக் பிராக் ஆஸ்வைலருக்குக் கொடுக்க வேண்டிய 1.6 கோடி டாலர் உறுதிச் சம்பளத்தை ஹூஸ்டனின் தலையிலிருந்து இறக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டது. கூலியாக 2018-இன் இரண்டாம் சுற்றுத் தேர்வு. ஆஸ்வைலரை சீசன் தொடங்கும் முன்பே அனுப்பிவிட்டார்கள். அந்தத் தேர்வு 35-ஆவது இடமாக வந்தது; எடுத்தது நிக் சப்பை. இப்படி ஒரு வாய்ப்பு அடிக்கடி வராது, வந்தால் விடாதீர்கள்.

படி 8: உரிமையாளரிடம் காலம் கேளுங்கள்

பிரவுன்ஸில் இதையெல்லாம் செய்தவர் சாஷி பிரவுன். 2016-இல் 1-15. 2017-இல் ஒரு வெற்றிகூட இல்லாமல் 0-16. அந்த சீசன் முடியும் முன்பே, டிசம்பரில், அவர் வேலை போனது. அவர் சேர்த்து வைத்த தேர்வுகளில் 2018-இல் டென்சல் வார்டையும் சப்பையும் எடுத்தவர் வேறொருவர். 2020-இல் 11-5 என்று பிளேஆஃபுக்குப் போய், 1994 சீசனுக்குப் பிறகு முதல்முறையாக அங்கே ஒரு ஆட்டம் ஜெயித்தபோது அவர் எங்கோ இருந்தார்.

வேலைக்குச் சேரும் அன்றே எத்தனை சீசன் தோற்க அனுமதி என்று கேட்டுவிடுங்கள். அப்புறம் வேண்டுமென்றே தோற்பது பற்றி: செய்யாதீர்கள். ஆட்டக்காரர்களும் பயிற்சியாளர்களும் உங்கள் தேர்வுக்காக ஆடுவதில்லை. 2023 ஜனவரி 8 அன்று ஹூஸ்டன், சீசனின் கடைசி ஆட்டத்தில் கடைசி நிமிடத்தில் கோல்ட்ஸை 32-31 என்று ஜெயித்தது. அந்த வெற்றியால் முதல் இடம் பேர்ஸுக்குப் போனது. பயிற்சியாளர் லவி ஸ்மித் உடனே நீக்கப்பட்டார்.

படி 9: சேர்ப்பதை எப்போது நிறுத்துவது

லயன்ஸ் இதில் கில்லாடி. ஸ்டாஃபோர்டைக் கொடுத்து வாங்கிய 32-ஆவது இடத்தையும் வேறு இரண்டு தேர்வுகளையும் சேர்த்து, 2022-இல் 12-ஆவது இடத்துக்கு ஏறி ஜேமிசன் வில்லியம்ஸை எடுத்தார்கள். அடுத்த ஆண்டு எதிர்த்திசையில் இறங்கினார்கள்: படி 3-இல் பார்த்த அந்த டிரேடில் ஜாமீர் கிப்ஸும் சாம் லாபோர்ட்டாவும் வந்தார்கள். ஸ்டாஃபோர்டு டிரேடில் வேண்டாத சுமையாக வந்ததாகப் பலர் சொன்ன குவார்ட்டர்பேக் ஜாரெட் காஃப் நிலைத்துவிட்டார். 2021-இல் 3-13-1 (ஒன்று சமன்) என்றிருந்த அணி 2023-இல் 12-5. ஏறுவதா இறங்குவதா என்பதில் கொள்கைப் பிடிவாதம் எதுவும் அவர்களிடம் இல்லை.

எதிர்காலத் தேர்வைச் செலவழிக்க ஒரே ஒரு சோதனை போதும்: அந்த ஆண்டு உங்கள் அணி நன்றாக ஆடும் என்பதற்கு உங்களிடம் ஆதாரம் இருக்கிறதா? நல்ல குவார்ட்டர்பேக் மலிவான புது ஒப்பந்தத்தில் இருக்கிறார் என்பது ஆதாரம். ரசிகர்கள் பொறுமை இழந்துவிட்டார்கள் என்பது ஆதாரம் அல்ல. 2022-இல் பிரவுன்ஸ் குவார்ட்டர்பேக் டெஷான் வாட்சனுக்காக மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளைக் கொடுத்து, 23 கோடி டாலர் முழு உறுதி ஒப்பந்தமும் போட்டது. 2017-இல் அவரை எடுக்க முடிந்த 12-ஆவது இடத்தை ஹூஸ்டனுக்கு விற்ற அதே பிரவுன்ஸ்தான். தேர்வும் போய், சம்பள வரம்பும் போன பிறகு அவர் ஆடியது சொற்பம்.

அந்த மூன்றில் ஒன்று உட்பட நிறையத் தேர்வுகளோடு 2023 டிராஃப்டுக்கு வந்த ஹூஸ்டன், இரண்டாவது இடத்தில் குவார்ட்டர்பேக் சிஜே ஸ்ட்ரவுடை எடுத்தது. எடுத்த கையோடு பிரவுன்ஸிடமிருந்து வந்த 12-ஆவது இடம், 33-ஆவது இடம், தன் சொந்த 2024 முதல், மூன்றாம் சுற்றுத் தேர்வுகள் எல்லாவற்றையும் அரிசோனாவிடம் கொடுத்து மூன்றாவது இடத்துக்கு ஏறி வில் ஆண்டர்சனை எடுத்தது. பைத்தியக்காரத்தனம், அடுத்த ஆண்டு முதல் ஐந்து இடத்துக்குள் வரப்போகும் தேர்வைக் கொடுத்துவிட்டார்கள் என்று பலர் எழுதினார்கள். ஸ்ட்ரவுடும் ஆண்டர்சனும் அந்த ஆண்டின் சிறந்த புதுமுக விருதுகள் இரண்டையும் வாங்கினார்கள், அணி 10-7 என்று பிளேஆஃபுக்குப் போனது, அரிசோனாவுக்குக் கிடைத்த தேர்வு 27-ஆவது இடம்.